கோர்வைக்கு இன்னொரு கை

காஞ்சீபுரம் என்றதும் சிலருக்குக் காமாட்சியம்மன் நினைவு வரும். சிலருக்கு வரதராஜப் பெருமாள் சன்னதியின் இட்டிலி நினைவு வரும். ஆனால் பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயித்திருக்கும் வீட்டிலே அந்த ஊரின் பெயரைச் சொன்னால், முதலில் நினைவுக்கு வருவது பட்டுப் புடவைதான். முகூர்த்தப் புடவை எடுக்கும் நாளன்று குடும்பமே கடையில் கூடிவிடுகிறது. ஒருவர் ஜரிகை அசல்தானா என்று விசாரிக்கிறார். இன்னொருவர் புடவையைக் கையில் தூக்கி எடை பார்க்கிறார். விலையைப் பற்றியோ எல்லாரும் ஒரே குரலில் பேசுகிறார்கள். ஒரே ஒரு கேள்வியைத்தான் யாரும் கேட்பதாகக் காணோம். "இந்தக் கரையும் இந்த உடலும் எப்படி ஐயா ஒன்று சேர்ந்தன?" என்பதே அந்தக் கேள்வி.

கைத்தறி நெசவு ஓர் அருங்கலை என்று நாம் மேடையில் பேசத் தவறுவதில்லை. அந்தக் கலை புடவையில் எந்த இடத்தில் இருக்கிறது என்று ஒரு குழந்தை கேட்டுவிட்டால் மட்டும் விழிக்கிறோம். அந்த இடத்தை நேயர்களுக்குக் காட்ட விரும்புகிறோம். அது இத்தனை நாளும் யாருடைய கையால் பிழைத்து வந்தது, இனிமேல் யார் கையால் பிழைக்கப் போகிறது என்பதையும் ஆராய விரும்புகிறோம்.

கோர்வை என்பது யாது?

எந்தத் துணியும் இரண்டு வகை இழைகளின் பின்னலே. தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டியிருப்பது பாவு. நாடாவுக்குள் இருந்துகொண்டு குறுக்கே ஓடுவது ஊடை. சாதாரண நெசவில் ஊடை ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்பு வரையில் ஓடித் திரும்புகிறது. ஆகையால் உடலுக்கு மஞ்சளும் கரைக்கு அரக்குமாகப் பாவு பூட்டியிருந்தாலும், மஞ்சள் ஊடை கரைக்குள்ளேயும் புகுந்து அரக்கின் சுத்தத்தைக் கெடுத்துவிடுகிறது. கரை அரக்காகவும் இராது, மஞ்சளாகவும் இராது, இரண்டுங்கெட்டானாக நிற்கும்.

கோர்வையிலே அப்படியில்லை. அதற்கு மூன்று நாடாக்கள் வேண்டும்: உடலுக்கு ஒன்று, இரு பக்கத்துக் கரைகளுக்கும் ஒவ்வொன்று. உடலின் ஊடை கரையின் எல்லை மட்டும் வருகிறது. அங்கே கரையின் ஊடையோடு கோத்துக்கொண்டு திரும்பிவிடுகிறது. சம்பந்திகள் இருவர் வாசற்படியில் நின்று தாம்பூலம் மாற்றிக்கொண்டு அவரவர் வீட்டுக்குத் திரும்புவது போல, இரண்டு நிறங்களும் எல்லையில் சந்தித்துப் பிரிகின்றன. அதனால்தான் நல்ல காஞ்சிப் புடவையில் பச்சைக் கரை பச்சையாகவே இருக்கிறது. மாம்பழ நிற உடல் மாம்பழ நிறமாகவே இருக்கிறது. உடலும் கரையும் கூடும் இடத்தில் தாழம்பூ மடலின் முட்களைப் போல வரிசையாக முனைகள் நீட்டி நிற்பதைப் பெண்மணிகள் பலர் கண்டு ரசித்திருப்பார்கள். அந்த முனைகளும் இந்தக் கோர்வையால் விளைந்த அழகுதான்.

முந்தானை தொடங்கும் இடத்தில் இன்னொரு வித்தை இருக்கிறது. முந்தானைக்கு வேறு நிறம் வேண்டுமானால் பாவையே மாற்றியாக வேண்டும். உடலின் பாவோடு முந்தானைக்குரிய பாவு இழைகளைச் சேர்த்துக் கொஞ்ச தூரம் நெய்து, பிறகு பழைய இழைகளை அறுத்து எடுத்துவிடுகிறார்கள். இதற்குப் பிட்னி என்று பெயர். மெல்லிய இழைகளை ஆயிரக்கணக்கில் கையாண்டு செய்யும் வேலை இது. அவசரக்காரனுக்குக் கைவராது.

ஒரு புடவையை நெய்து முடிப்பதற்குள் கரைக்கும் உடலுக்கும் நடுவே இத்தகைய கோப்புகள் பல்லாயிரம் விழுந்தாக வேண்டும். ஒன்று தவறினாலும் அந்த இடத்தில் துணி வாய் பிளந்துவிடும். மூன்று நாடாக்களையும் பரம்பரைத் தறியில் ஒருவரே தள்ளிக்கொண்டிருப்பது நடவாத காரியம். நெசவாளர் ஒரு பக்கம் இருந்தால், மறு பக்கத்துக் கரை நாடாவை வாங்கித் தள்ள இன்னொருவர் உட்கார்ந்தாக வேண்டும். அந்த இன்னொரு கையைப் பற்றியதுதான் நம்முடைய விசாரம்.

வாங்கினவர்களின் சரித்திரம்

நெசவின் சரித்திரத்தை நெய்தவர்கள் எழுதி வைக்கவில்லை. வாங்கினவர்களின் சரித்திரத்திலிருந்துதான் அதை நாம் ஒருவாறு ஊகிக்க வேண்டியிருக்கிறது. பத்தாம் நூற்றாண்டில் ஆண்ட உத்தம சோழனுடைய செப்பேடுகள் சென்னைக் காட்சிசாலையில் இருக்கின்றன. காஞ்சி மாநகரத்தில் நெசவாளர் குடியிருந்த சேரிகளைப் பற்றியும், கோயில் காரியங்களில் அவர்களுக்கு இருந்த பொறுப்பைப் பற்றியும் அவற்றில் காண்கிறோம். அந்தக் காலத்தில் நெசவாளர் வெறும் கூலியாள் அல்லர். ஊர்க் காரியத்தில் பங்கு பெற்ற கௌரவமான குடிமகன்.

கப்பலேறி வந்த கும்பினியாரும் நம் துணிக்காகத்தான் வந்தார்கள். 1639-ல் சென்னைக் கடற்கரையில் அவர்கள் இடம் பிடித்ததற்கு, அக்கம் பக்கத்தில் நல்ல துணி மலிவாகக் கிடைத்தது ஒரு முக்கிய காரணம். 1734-ல் நெசவாளரையும் நூற்போரையும் குடியேற்றுவதற்காகவே ஒரு பேட்டையை உண்டாக்கினார்கள். சின்னத் தறிப் பேட்டை என்ற அதுதான் இன்றைய சிந்தாதிரிப்பேட்டை. இதற்குள் இங்கிலாந்தில் வேறொரு கதை நடந்தது. நம்முடைய அச்சடித்த துணியின் மேல் அந்நாட்டு ஜனங்களுக்கு மோகம் மிஞ்சிப் போகவே, 1700-லும் 1721-லும் சட்டம் போட்டு அதைத் தடுக்க வேண்டியதாயிற்று. யந்திரமானது தன் திறமை ஒன்றினாலேயே நம் தறியை ஜயித்துவிட்டது என்று சொல்லுகிறவர்கள் இந்தச் சட்டங்களையும் சேர்த்துப் படிப்பது நலம்.

யந்திரம் வலுத்த பிறகு நடந்தது இன்னும் விசித்திரம். 1866-ல் லண்டனில் ஃபோர்ப்ஸ் வாட்ஸன் என்பவர், இந்தியத் துணிகளின் மாதிரிகள் எழுநூறைக் கத்தரித்து ஒட்டிப் பதினெட்டுத் தொகுதிகளாக வெளியிட்டார். மொத்தம் 20 பிரதிகள் தயாராயின. அவற்றில் 13 அந்த நாட்டிலேயே தங்கின. 7 நமது நாட்டுக்கு வந்தன. இந்திய ஜனங்கள் எதை விரும்பி உடுக்கிறார்கள் என்று அங்குள்ள ஆலைக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதே அந்தப் பிரசுரத்தின் பிரதான நோக்கம். ஆலைத் துணி முதலில் விழுங்கியது நித்தியப் படிக்கு உடுக்கும் சாதாரணத் துணியைத்தான். வேலைப்பாடு மிகுந்த துணி அவ்வளவு சுலபமாக அதன் வாயில் அகப்படவில்லை. கோர்வைப் புடவை தப்பிப் பிழைத்ததன் ரகசியம் இங்கே இருக்கிறது.

ஆனால் வேலைப்பாடு மட்டும் ஒரு கலையைக் காப்பாற்றிவிடும் என்று நினைத்தால் அதுவும் தவறு. கும்பகோணத்துக்குச் சமீபத்தில் கோடாலிக் கருப்பூர் என்று ஓர் ஊர் இருக்கிறது. தஞ்சை மராட்டிய மன்னர்களின் அரண்மனைக்காக அங்கே ஒரு வகைப் புடவை தயாராகி வந்தது. பருத்தியின் நடுவே ஜரிகையால் பூ வேலை நெய்து, பிறகு மெழுகிட்டுச் சித்திரம் தீட்டிச் சாயம் தோய்ப்பார்கள். நெசவாளரும் சாயக்காரரும் சேர்ந்து படைத்த அதிசயம் அது. 1855-ல் தஞ்சை அரசுரிமை முடிவடைந்தது. வாங்குவதற்கு அரண்மனை இல்லை. அந்த நூற்றாண்டு கழிவதற்குள் புடவையும் இல்லை. இன்று அதைப் பார்க்க விரும்புகிறவர் காட்சிசாலைக் கண்ணாடிக்கு வெளியே நின்றுதான் பார்க்க வேண்டும். வாங்குகிறவர் ஒரே ஒருவராக இருந்தால், கலையின் ஆயுள் அவருடைய ஆயுளோடு முடிந்து போகும் என்பதற்கு இது சாட்சி.

தேசம் வாங்க வந்தது

அரண்மனைகள் போன பிறகு தேசம் வாங்க முன்வந்தது. 1905-ம் வருஷம் ஆகஸ்டு 7-ந் தேதி கல்கத்தாவில் சுதேசிப் பிரகடனம் எழுந்தது. அந்த நாளைத்தான் 2015 முதல் தேசியக் கைத்தறி தினமாகக் கொண்டாடுகிறோம். முதல் கொண்டாட்டம் சென்னையிலேயே நடந்தது. 1935-ல் கோ-ஆப்டெக்ஸ் என்று இன்று வழங்கும் கூட்டுறவு ஸ்தாபனம் தோன்றியது. அதற்கு இரண்டு வருஷம் கழித்துக் கலாக்ஷேத்திரத்தில் ஸ்ரீமதி ருக்மிணி தேவி தறிகளை அமைத்து, பழைய கரைகளையும் பழைய நிறங்களையும் தேடிப் பிடித்து நெய்விக்கத் தொடங்கினார்.

சுதந்திரம் வந்த பிறகும் தறியின் கஷ்டம் தீரவில்லை. ஆயினும் அதைப் பற்றிய கவலையில் கட்சி பேதம் இல்லை. ராஜாஜி சென்னை முதல் மந்திரியாக இருந்த காலத்தில், வேஷ்டியும் புடவையும் கைத்தறிக்கே உரியவை என்று ஒதுக்கிவிட வேண்டுமென மத்திய சர்க்காரிடம் வாதாடினார். காஞ்சியில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்த திரு. அண்ணாதுரை, 1953-ல் திருச்சித் தெருக்களில் கைத்தறித் துணியைச் சுமந்து விற்றார். அரசியலில் எதிர் எதிர்த் திசையில் நின்ற இருவர் தறியின் முன்னால் ஒரே திசையில் நின்றார்கள். 1985-ல் சில துணி வகைகளைக் கைத்தறிக்கென்று ஒதுக்கிச் சட்டம் பிறந்தது; முதலில் 22 வகைகளாக இருந்த அந்த ஜாபிதா பிற்பாடு 11 ஆகச் சுருங்கிற்று. 2005-06-ல் காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடும், 2006-ல் கைத்தறி முத்திரையும் கிடைத்தன.

இவ்வளவும் நல்ல காரியங்களே. ஆனால் இவற்றில் எதுவும் அந்த இரண்டாவது கையைக் கணக்கில் எடுத்ததாகத் தெரியவில்லை.

பள்ளிக்கூடமும் தறியும்

தலைமுறை தலைமுறையாகத் தறியின் மறு பக்கத்தில் உட்கார்ந்தவர் யார்? பெரும்பாலும் வீட்டுப் பிள்ளை. அப்பா நெய்வார், ஏழெட்டு வயதுப் பையனோ பெண்ணோ எதிர்க் கரையின் நாடாவைத் தள்ளும். அதைத் தொழில் கற்பது என்று சொன்னார்கள். அதில் உண்மையும் உண்டு. ஆனால் வீட்டில் குழந்தை இல்லாவிட்டால் அயலார் குழந்தையைக் கொண்டுவந்து வைத்ததும் உண்டு. முன்பணம் கொடுத்துக் கட்டுப்படுத்தியதும் உண்டு. அங்கே தொழிற்கல்வி என்ற பேச்சுக்கு இடமில்லை.

நாம் உபாத்தியாயர் தொழில் செய்கிறவர். வகுப்பில் ஹாஜர்ப் பட்டியலைப் படிக்கும்போது பதில் வராத பெயர்கள் எங்கே போயின என்பது எங்களுக்குத் தெரியும். 1986-ல் குழந்தைத் தொழிலுக்கு விரோதமான சட்டம் வந்தது. 2009-ல் கல்வி உரிமைச் சட்டம் வந்தது. குடும்பத் தொழிலில் பள்ளி நேரம் போக உதவலாம் என்று 2016-ல் ஒரு திருத்தம் செய்திருக்கிறார்கள். அந்தக் கதவு எவ்வளவு அகலமாகத் திறக்கும் என்பதில் எங்களைப் போன்றோருக்குச் சற்றுப் பயம் உண்டு. எப்படியிருந்தாலும், தறியடியில் இருந்த குழந்தைகள் பள்ளிக்கூடம் வந்து சேர்ந்தார்கள். அதில் எங்களுக்குச் சந்தோஷமே தவிர, எள்ளளவும் வருத்தமில்லை.

ஆனால் குழந்தை எழுந்து வந்த இடத்தில் இப்போது யார் உட்கார்ந்திருக்கிறார்கள்?

சில காலத்துக்கு முன் காஞ்சியில் பிள்ளையார்பாளையத்துத் தெரு ஒன்றில் ஒரு நெசவாளரின் வீட்டுக்குப் போயிருந்தோம். அறுபது வயதுக்காரர். குழித்தறியில் அவரும், மறு கோடியில் அவர் மனைவியும் இருந்தார்கள். வேலையை நிறுத்தாமலே அவர் சொன்னார்:

"எங்க அப்பா நெய்யும்போது அந்தப் பக்கம் நான் உட்கார்ந்தேன், சார். நான் நெய்யும்போது என் பையனை உட்கார வைக்கவில்லை. படிக்க அனுப்பினேன்; இன்று ஒரு கம்பெனியில் வேலையாக இருக்கிறான். இப்போது இவள்தான் உட்காருகிறாள். இவளுக்கு முழங்கால் வலி. இவள் எழுந்துவிட்டால் நானும் எழுந்துவிட வேண்டியதுதான்."

"அம்மாவுக்குக் கூலி எவ்வளவு கொடுக்கிறார்கள்?" என்று கேட்டோம்.

அவர் எங்களைப் பார்த்துச் சிரித்தார். "கூலி புடவைக்கு, சார். ஆளுக்கு இல்லை" என்றார். அந்த அம்மாள் ஒன்றும் சொல்லவில்லை. நாடாவைத் தள்ளிக்கொண்டேயிருந்தார்.

அந்தச் சொற்களில் விஷயம் முழுவதும் அடங்கியிருப்பதாக எங்களுக்குத் தோன்றுகிறது. கூலி புடவைக்கு, ஆளுக்கு இல்லை. அந்நியரைத் துணைக்கு வைத்துக்கொண்டால் நெசவாளர் தமது கூலியிலிருந்தே கிள்ளிக் கொடுக்க வேண்டும். வீட்டாரை வைத்துக்கொண்டால் கொடுக்கவே வேண்டாம். முன்னே குழந்தையின் கை. இன்று மனைவியின் கை. கோர்வையின் விலையில் ஒரு பாதியை நாம் என்றைக்கும் கொடுத்ததே இல்லை. நம் பாட்டிமாரின் பெட்டியிலிருக்கும் அழகான புடவைகளிலும் அந்தக் கடன் பாக்கி நிற்கிறது.

கணக்கு சொல்லும் செய்தி

சர்க்கார் எடுத்த கைத்தறிக் கணக்குகளைப் பார்ப்போம். 1995-ல் நாடெங்கும் நெசவிலும் அதைச் சார்ந்த வேலைகளிலும் இருந்தவர்கள் 65 லட்சத்துக்கு மேல். 2009-10-ல் 43 லட்சம். 2019-20-ல் 35 லட்சம். நெசவுக் குடும்பங்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, மாதம் 5000 ரூபாய்க்கும் குறைந்த வருமானத்தில் காலம் தள்ளுவதாக அந்தக் கடைசிக் கணக்கு கூறுகிறது. நெசவாளரில் நூற்றுக்கு எழுபது பேருக்கு மேல் பெண்கள் என்றும் கூறுகிறது.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தறிகள் குறைவதற்கு முன்பே கோர்வை குறைந்துவிடும். துணைக்கு ஆள் அகப்படாத நெசவாளர் தொழிலை விட்டுவிடுவதில்லை; கோர்வையை விட்டுவிடுகிறார். ஒற்றை ஊடையில் நெய்யக்கூடிய புடவைக்கு மாறிக்கொள்கிறார். தறி இருக்கும், பட்டு இருக்கும், ஜரிகையும் இருக்கும். இழுத்துக் கட்டின அந்த எல்லைக் கோப்பு மட்டும் சத்தமில்லாமல் போயிருக்கும். ஒற்றை ஊடைப் புடவை விசைத்தறிக்கும் எளிது. ஆகவே கோர்வையை விட்ட கைத்தறியாளர், தம்மையறியாமல் யந்திரத்தோடு நேருக்கு நேர் பந்தயம் ஓடும்படி ஆகிவிடுகிறது. அந்தப் பந்தயத்தின் முடிவைச் சொல்ல ஜோசியர் தேவையில்லை.

இனிச் செய்யத் தக்கது

யந்திரமே ஆகாது என்று நாம் வாதிக்கவில்லை. ஒரு காலத்தில் கரையின் பூ வேலைகளை 'அடை' என்னும் முறையில் நூலால் கட்டி வைத்துக்கொண்டு, இழைகளைக் கையாலேயே தூக்கி நெய்தார்கள். பிற்பாடு ஜக்கார்டுப் பெட்டி வந்தது. அட்டையில் துளையிட்டு அதே வேலையைச் செய்தது. இப்போது கணினியும் தறியின் தலைமேல் ஏறிவிட்டது. இதனால் யாளியும் அன்னமும் இருதலைப் பட்சியும் கரையை விட்டுப் பறந்து போய்விடவில்லை. ஒருவரே கோர்வை நெய்வதற்கு ஏற்ற கருவிகளையும் நெசவுத் தொழில் வல்லவர்கள் வகுத்து வருகிறார்கள். அவை முழங்கால் வலியைக் குறைத்து, கோப்பையும் காப்பாற்றுமானால், இரு கை நீட்டி வரவேற்கலாம். வேலையின் வருத்தத்தை மாற்றும் கருவி வேறு. வேலையையே மாற்றிவிடும் கருவி வேறு. இந்த வித்தியாசத்தை அறிந்து சொல்லத் தகுந்தவர் நெசவாளரே. அவரைக் கேளாமல் கருவி செய்வது, கால் அளவு எடுக்காமல் செருப்புத் தைப்பது போலாகும்.

ஆனால் கருவி வந்தாலும் வராவிட்டாலும், கூலிக் கணக்கைத் திருத்தியாக வேண்டும். கூட்டுறவுச் சங்கங்களும் முதலாளிகளும் கோர்வைப் புடவைக்குக் கூலி போடும்போது, நெய்கிறவருக்கு இவ்வளவு, துணைக் கைக்கு இவ்வளவு என்று இரண்டு வரியாக எழுதட்டும். இரண்டாவது வரியை அந்த அம்மாளின் பெயரிலேயே எழுதட்டும். இதனால் புடவையின் விலை ஏறும் என்பார்கள். ஏறத்தான் செய்யும். கல்யாணத்தில் ஒரு வேளைப் பந்தலுக்கும் பூவுக்கும் நாம் இறைக்கும் பணத்தை நினைத்தால், ஒரு பெண்மணி நாள் முழுவதும் உட்கார்ந்து உழைத்த உழைப்புக்குக் கூலி கொடுப்பது பெரிய சுமையாகாது. வாங்கச் சக்தியில்லாதவர்கள் ஒற்றை ஊடைப் புடவை வாங்குவதில் குற்றமும் இல்லை. அதைக் கோர்வை என்ற பெயரில் விற்காமல் இருந்தால் போதும்.

அடுத்தது, வாங்குகிறவருடைய கண். 1937-ல் வார்தாவில் கூடிய மாநாட்டில், கைத்தொழிலை நடுவில் வைத்துக் கல்வி புகட்ட வேண்டுமென்று மகாத்மா எடுத்துச் சொன்னார். அந்த ஆதாரக் கல்வித் திட்டம் நம் பள்ளிக்கூடங்களில் நிலைக்கவில்லை. எல்லாப் பிள்ளைகளும் நெய்யக் கற்க வேண்டுமென்று இப்போது நாம் கோரவில்லை. நெய்ததைப் பார்க்கக் கற்றால் போதும். ஒரு துண்டுத் துணியைக் கையில் கொடுத்து, பாவு எது, ஊடை எது, நிறம் எங்கே கலக்கிறது, எங்கே கலக்காமல் நிற்கிறது என்று காட்டுவதற்கு ஒரு மணி நேரம் போதும். நெசவாளர் வீட்டுப் பிள்ளை அந்த வகுப்பில் இருந்தால், தன் தாய் தந்தையர் செய்வது எவ்வளவு நுட்பமான வேலை என்று முதல் முறையாக அயலார் வாயால் கேட்கும். பிறகு அந்தப் பிள்ளை தறிக்குப் போனாலும் சரி, கம்பெனிக்குப் போனாலும் சரி, அது அதன் இஷ்டம். பிறப்பின் பேரால் யாரையும் குழித்தறியில் இறக்க நமக்கு உரிமையில்லை. நல்ல கூலியும் மரியாதையும் இருந்தால், இஷ்டத்தோடு இறங்குகிறவர்கள் எந்தக் குலத்திலிருந்தும் வருவார்கள்.

அடுத்த முறை புடவை எடுக்கப் போகும் சகோதரிகளுக்கு ஒரு விண்ணப்பம். புடவையைத் திருப்பிப் போட்டு, உடலும் கரையும் கூடும் இடத்தை விரலால் தடவிப் பாருங்கள். கரையின் நிறம் கலப்பில்லாமல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். பிறகு கடைக்காரரைக் கேளுங்கள்: "இது கோர்வைதானா? அப்படியானால் மறு பக்கத்துக் கைக்கு என்ன கூலி கொடுத்தார்கள்?" முதல் நாள் அவர் உங்களை விசித்திரமாகப் பார்க்கலாம். பத்துப் பேர் கேட்டால் முதலாளியிடம் போய்ச் சொல்லுவார். நூறு பேர் கேட்டால் பதில் தயாராக வைத்திருப்பார்.